சிடிக்கு முகம் எந்தப் பக்கம்

என் வீட்டுக்காரருடைய இதயம் மூன்று வாரம் எங்கள் வீட்டுச் சாமி அலமாரியில் இருந்தது. அம்மன் படத்துக்கும் முருகன் படத்துக்கும் நடுவில், விபூதிக் கிண்ணத்தில் சாய்த்து வைத்திருந்தேன். ஆஞ்சியோ எடுத்த ஆஸ்பத்திரியில் ஃபைலோடு சேர்த்து ஒரு சிடியையும் காகித உறையில் போட்டுக் கொடுத்தார்கள். எல்லாம் இதற்குள்தான் இருக்கிறது, பத்திரமாக வையுங்கள் என்று நர்ஸ் ஹிந்தியில் சொன்னாள். தாராவியில் கீழே ஓர் அறை, மேலே ஓர் அறை என்று இருக்கிற வீட்டில் பத்திரமான இடம் ஒன்றுதான். அங்கே எலி ஏறாது, மழை சொட்டாது, குளிக்காமல் யாரும் கை வைக்க மாட்டார்கள். எங்கள் ரேஷன் கார்டும் கேஸ் புத்தகமும் அங்கேதான் இருக்கின்றன.

நான் எட்டாவது வரைக்கும் படித்தவள். பெரிய மந்திரமெல்லாம் தெரியாது. வெள்ளிக்கிழமை விளக்கைத் துலக்கி, படங்களைத் துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைப்பேன். அவ்வளவுதான் என் பக்தி. ஆனால் அந்த அலமாரியில் இருக்கிற எதையும் பொட்டில்லாமல் விட எனக்கு மனசு வராது. கேஸ் புத்தகத்துக்கே வைப்பேன். தாலி கட்டியவரின் நெஞ்சு வந்து உட்கார்ந்திருக்கிறபோது அதை மட்டும் வெறுமனே விடுவேனா?

முதல் வெள்ளியன்றே சிடியை உறையிலிருந்து எடுத்தேன். ஒரு பக்கத்தில் அவர் பெயரையும் ஒரு நம்பரையும் கறுப்புப் பேனாவால் கிறுக்கியிருந்தார்கள். விலாசம் எழுதுகிற பக்கம் முதுகுதான் என்று முடிவு செய்தேன். மறுபக்கம் கண்ணாடி மாதிரி பளபளத்தது. சாய்த்தால் ஏழு நிறமும் ஓடியது, நேராகப் பிடித்தால் என் முகமே தெரிந்தது. முகம் தெரிகிற பக்கம்தானே முகம். நடு ஓட்டையைச் சுற்றி நாலு திசையிலும் சந்தனம் வைத்து, அதன் மேல் குங்குமம் வைத்தேன். அடுத்த வெள்ளி பழசைத் துடைத்தால் கீறல் விழுமோ என்று பயந்து அதன் மேலேயே வைத்தேன். மூன்றாவது வெள்ளியும் அப்படியே. பன்னீர் விட்டுக் குழைத்த சந்தனம் காய்ந்தால் சிமென்ட் மாதிரி பிடிக்கும் என்பது பெண்களுக்குத் தெரியும்.

இனி அந்த நெஞ்சுக்கு என்ன வந்தது என்று சொல்கிறேன். ஒரு குழாயில் பெரிய அடைப்பு இருக்கிறது, ஸ்டென்ட் வைக்க வேண்டும், தள்ளிப் போடாதீர்கள் என்று ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னார். ஹிந்தியில் சொன்னார். இவர் அங்கே "ஹாங் சாப், ஹாங் சாப்" என்று தலையாட்டிவிட்டு, பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்ததும் முடியாது என்றார்.

"ஏன் முடியாது?"

"அவன் ஹிந்தியில சொல்லுதான். எனக்கு என்னத்த வெளங்குச்சு?"

"நாப்பது வருசமா டாக்ஸிக்காரன்கிட்ட ஹிந்தியில மல்லுக்கட்டுதீய. அது மட்டும் வெளங்குதோ?"

"அது சண்டை போடுததுக்கு உள்ள பாஷை. இது நெஞ்சு சமாச்சாரம்ளா."

வீட்டுக்கு வந்ததும் நிபந்தனை போட்டார். தமிழ் தெரிந்த டாக்டர் ஒருவர், இவருடைய நெஞ்சை இவர் கண்ணாலேயே காட்டி, இன்ன இடத்தில் அடைப்பு என்று சொல்ல வேண்டும். சொன்னால் அன்றைக்கே போய்ப் படுத்துக்கொள்வார். "அதுவரைக்கும் எவன் வந்தாலும் கத்தி வைக்க விடமாட்டேன்" என்றார். கத்தியே கிடையாது, கை வழியாகக் கம்பி மாதிரி ஒன்றை விடுவார்கள் என்றேன். "கம்பின்னா பஞ்சா?" என்றார்.

நாள் முழுக்கக் கத்தி பிடிக்கிறவர் இவர். ஒரு கார்கானாவில், தோல் பட்டறையில், கைப்பைக்கும் பர்ஸுக்கும் தோல் வெட்டுகிறார். பயம் என்ற வார்த்தையை அவர் வாயால் சொல்ல மாட்டார். ஆனால் மாடி அறைக்கு ஏணியில் ஏறும்போது மூன்றாவது படியில் நின்று மின்விசிறியை அண்ணாந்து பார்ப்பார். விசிறியில் பார்க்க ஒன்றும் இல்லை. மூச்சு வாங்குவதை நான் பார்க்கக் கூடாது என்று விசிறியைப் பார்ப்பார். அதைப் பார்த்துப் பார்த்து எனக்குத் தூக்கம் போயிற்று.

பக்கத்து வீட்டு மதினிதான் வழி சொன்னாள். சொந்த மதினி இல்லை, எங்கள் ஊர்ப் பக்கத்துக்காரி, அதனால் மதினி. மாட்டுங்காவில் ஒரு கோயிலை ஒட்டின ஹாலில் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு பெரிய டாக்டர் உட்காருகிறார், ரிட்டயர் ஆனவர், இதயத்துக்கே படித்தவர், தமிழ்க்காரர் என்றாள். நம்பர் வாங்கிப் பேசினேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"சிடியை அவசியம் எடுத்துண்டு வாங்கோ. ரிப்போர்ட்டை மட்டும் பாத்து நான் சொல்ல மாட்டேன். ஆனா ஒரு கஷ்டம். எங்கிட்ட இருக்கிற லேப்டாப்புல சிடி போடற தட்டே கிடையாது. இப்போ வர்ற எதுலயும் இல்லை. பழசா ஒண்ணு கெடைச்சா கையோட கொண்டு வந்துடுங்கோ."

அந்த வாரம் முழுக்க நான் லேப்டாப் தேடினேன். எங்கள் சந்தில் லேப்டாப்புக்குப் பஞ்சம் இல்லை. காலேஜ் படிக்கிற பிள்ளைகள் எல்லாரிடமும் இருக்கிறது. எல்லாம் அப்பளம் மாதிரி மெலிசு. சுற்றிச் சுற்றிப் பார்த்தாலும் சிடி போக வழி இல்லை. மெயின் ரோட்டு மொபைல் கடைக்காரர் சிடி என்றதும், நான் ஆட்டுக்கல் கேட்டது போல என்னைப் பார்த்தார். ஒவ்வொரு நாளும் நான் வெறுங்கையோடு திரும்பும்போது இவர் முகத்தில் ஒரு தெளிச்சி வரும். டீயை ரசித்துக் குடிப்பார்.

"கெடைக்கலைன்னா நம்ம என்ன செய்ய முடியும்? நீயும் அலைஞ்சு பாத்துட்ட" என்று எனக்கே ஆறுதல் சொன்னார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கார்கானா முதலாளியிடமே போய்க் கேட்டேன். அவர் எங்கள் மாவட்டத்து பாய். இவரை வேலைக்குச் சேர்த்ததே அவருடைய வாப்பாதான். விஷயத்தைச் சொன்னதும் பாய் எழுந்து, தோல் கட்டுகளுக்குப் பின்னாலிருந்து ஒரு துண்டில் சுற்றிய பொருளை எடுத்து வந்தார். அவருடைய பழைய லேப்டாப். பை டிசைன் பார்ப்பதற்காக வாங்கினது. அம்மிக்கல் கனம். ஓரத்தில் ஒரு பட்டனை அமுக்கினார். தட்டு ஒன்று சடக்கென்று வெளியே வந்தது. எனக்கு அங்கேயே கை கூப்பத் தோன்றியது.

"தங்கச்சி, மூணு விஷயம். பேட்டரி செத்துப் போச்சு, கரண்டுல சொருகினாத்தான் ஓடும். மவுஸு கெடையாது, இந்தச் சதுரத்துல வெரலு வச்சுத்தான் ஓட்டணும். அழுத்தக் கூடாது, தேய்க்கக் கூடாது, தடவணும். தட்டை மூடையில மெதுவா மூடணும். இவ்வளவுதான்."

"நல்லபடியா திருப்பித் தந்துருதேன் பாய்."

"லேப்டாப்பு கெடக்கட்டும். அவர முதல்ல நல்லபடியா திருப்பித் தா. அவர் இல்லாம இங்க ஒரு தோலும் ஒழுங்கா வெட்ட ஆள் இல்ல."

ஞாயிற்றுக்கிழமை டாக்டர் முன்னால் போய்த் திணறக் கூடாது என்று சனிக்கிழமை மத்தியானமே வீட்டில் போட்டுப் பார்த்துவிட நினைத்தேன். குளித்துவிட்டு, பலகை போட்டு அதன் மேல் லேப்டாப்பை வைத்து, சாமியைக் கும்பிட்டுவிட்டு ஆரம்பித்தேன். மதினி எங்கள் வீட்டுக்குள் தலையை நீட்ட ஒரு காரணம் போதும், வந்து உட்கார்ந்துகொண்டாள். இவர் சுவரில் சாய்ந்து, கல்யாண வீட்டில் சாப்பாடு பிடிக்காத விருந்தாளி மாதிரி இருந்தார்.

அந்தச் சதுரம் என்னைப் படுத்தின பாடு கொஞ்சம் இல்லை. விரலை வைத்தேன், அம்பு ஓடி ஒரு மூலையில் ஒளிந்துகொண்டது. இழுத்தேன், மறு மூலைக்குப் போயிற்று. என் விரலில் ஈரம் என்று மதினி சொன்னாள். துடைத்துவிட்டு வைத்தேன். இப்போது நான் தொடாமலே நாலு ஜன்னல் திறந்தது.

"தள்ளு, நான் பாக்கேன்" என்று இவர் வந்தார். விரலை வைத்தார். அம்பு அசையவில்லை. அடுத்த விரல். அதுவும் இல்லை. கட்டைவிரல். அம்பு உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருந்தது. நாற்பது வருஷம் தோலும் பசையும் பட்ட விரல்கள், அவர் வெட்டுகிற தோலை விடத் தடித்துப் போயிருக்கின்றன. ரேஷன் கடை மிஷினிலும் இவர் கைரேகை விழாது, நான் போய்த்தான் வைப்பேன்.

"என்னைய இது ஆளாவே மதிக்கலையே" என்றார்.

"ரேஷன் மிஷினும்தான மதிக்கல. அரிசி வாங்காமலா இருக்கோம்" என்றாள் மதினி.

பிறகு எனக்கே ஒரு பிடி கிடைத்தது. கைக்குழந்தை நெற்றியில் விபூதி பூசுவோம் இல்லையா, தூங்குகிற பிள்ளை முழித்துவிடாமல்? அந்த அளவுக்கு விரல் வைத்தால் போதும். அப்படித் தடவினேன். அம்பு நான் சொன்ன பக்கம் போயிற்று. மெல்ல இரண்டு தட்டுத் தட்டினால் திறந்தது. மதினி "ஏளா, ஆபீசுக்குப் போயிரலாம் போலுக்க" என்றாள். எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

பட்டனை அமுக்கித் தட்டை வெளியே எடுத்தேன். உறையிலிருந்து சிடியை எடுத்து, முகம் மேலே இருக்கும்படி, பொட்டெல்லாம் தெரிய அழகாக வைத்து மூடினேன். உள்ளே என்னவோ முனகியது. சுற்றியது, நின்றது, மறுபடி சுற்றியது. திரையில் சிடி போடுங்கள் என்ற அர்த்தத்தில் இங்கிலீஷில் ஏதோ வந்தது. போட்ட பிறகும் போடு என்றால் என்ன செய்வது? மூன்று தடவை எடுத்துப் போட்டேன். மூன்று தடவையும் அதே பதில்.

இவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். குரலில் ஒரு சாந்தம்.

"பாத்தியாளா. அம்மன் வேண்டாங்கா."

"அம்மன் எப்ப சொன்னா?"

"மூணு தடவை சொல்லிட்டா. அவ அலமாரியில இருந்த சிடி, அவ முன்னால வச்சுப் போட்ட. அவளே வேண்டாங்கும்போது நான் போய்ப் படுத்தா அது அவளை மீறுனது ஆவாதா? நீதான எல்லாத்துக்கும் சகுனம் பாக்கவ. நீயே சொல்லு."

 கல்யாணமான நாளிலிருந்து என் சகுனத்தைக் கேலி பண்ணின மனுஷன், இன்று என் அம்மனையே எனக்கு எதிராகச் சாட்சிக்குக் கூப்பிடுகிறார். பேச்சு முடிந்தது என்கிற மாதிரி சட்டையை மாட்டிக்கொண்டு முக்குக் கடைக்கு டீ குடிக்கப் போனார். நாளைக்கு மாட்டுங்கா போக வேண்டியதில்லை என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் பாய்க்குப் போன் போட்டேன்.

"பேரு எழுதுன பக்கம் மேல இருக்கா தங்கச்சி?"

"இல்ல பாய், அது கீழ இருக்கு. பளபளன்னு உள்ளதுதான மேல?"

"தலைகீழா போட்டிருக்க. பளபளப்பு கீழ போவணும். அந்தப் பக்கத்தைத்தான் மிஷினு படிக்கும்."

 சிடியை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். நாலு பொட்டு, மூன்று வாரத்துச் சந்தனம், ஒவ்வொன்றும் வடகம் மாதிரி எழும்பி நின்றது.

"பாய், அந்தப் பக்கம் லேசா தூசி இருக்கு."

"என்ன தூசி?"

"மஞ்சத் தூசி. நடுவுல கொஞ்சம் செவப்பு."

பாய் இரண்டு தடவை இருமினார். சிரிப்பை அடக்குகிறார் என்று தெரிந்தது.

"எங்க வீட்டுலயும் இப்படித்தான். எனக்குச் சர்க்கரை ரிப்போர்ட் வந்தப்ப, நல்லபடியா இருக்கணும்னு ஓதின தண்ணியை அது மேல தெளிச்சா. மை கரைஞ்சு போச்சு. டாக்டரு பாத்துட்டு, சர்க்கரையே இல்லையேன்னு கேட்டாரு. கழுவிரு தங்கச்சி. நல்ல தண்ணி ஊத்தி ஊற வையி. துணியை நடுவுலருந்து வெளிய நேரா இழுக்கணும். வட்டமா தேச்சிராத, கீறல் விழுந்துரும்."

கழுவிவிடு என்று அவர் சுலபமாகச் சொல்லிவிட்டார். எனக்குக் கை வரவில்லை. படங்களில் பழைய பொட்டைத் துடைக்கிறோம், சரி, துடைத்த கையாலேயே புதுசு வைத்துவிடுகிறோம். இதில் புதுசு வைக்க முடியாது. துடைத்தால் வெறுமனே விட வேண்டும். கட்டினவருடைய நெஞ்சிலிருந்து குங்குமத்தை அழித்து வெறுமனே விடுவதா? அதை நான், என் கையாலேயே செய்வதா? சிடியை மடியில் வைத்துக்கொண்டு அழுதுவிட்டேன்.

மதினி என்னைத் திட்டினாள். "நீயா வச்ச, நீயா அழுத. அவுக டீ குடிச்சிட்டு வாரதுக்குள்ள ஏதாவது செய்யி."

"அழிக்கக் கூடாது மதினி."

"அழிக்காண்டாம். கோயில்ல என்ன செய்தாக? அபிஷேகம் பண்ணும்போது அம்மன் நெத்திக் குங்குமம் எங்க போவுது? அதை யாராவது அழிச்சாகன்னு சொல்லுதோமா?"

மதினி சந்துச் சண்டைக்கு மட்டும்தான் லாயக்கு என்று அதுவரை நினைத்திருந்தேன். அன்றைக்கு அவள் வாயில் அந்த வார்த்தை வந்தது. அபிஷேகம் முடிந்து அலங்காரம் வரைக்கும் அம்மனே பொட்டில்லாமல்தானே நிற்கிறாள். அப்போது திரை போட்டுவிடுகிறார்கள். நாளைக்கு டாக்டர் பார்த்து முடிக்கிற வரைக்கும் இதற்கும் அந்த நேரம் என்று வைத்துக்கொண்டால் குற்றம் இல்லை. எனக்குத் தைரியம் வந்தது.

பித்தளைத் தாம்பாளத்தில் சிடியை வைத்தேன். பால் ஊற்றலாமா என்று மதினி கேட்டாள், வேண்டாம் என்றேன், பால் படிந்தால் மிஷின் அதையும் படிக்க மாட்டேன் என்னும். குடிக்கிற தண்ணீர்தான். எனக்குத் தெரிந்த போற்றிகளைச் சொல்லிக்கொண்டே சொம்பால் மெல்ல ஊற்றினேன். சந்தனம் ஊறி, உப்பி, கடைசியில் இளகிக் கொடுத்தது. தாம்பாளத்தில் இறங்கின குங்குமத் தண்ணீரை விரலால் தொட்டு என் தாலியில் வைத்துக்கொண்டேன். பழைய பருத்தி வேட்டித் துண்டால், பாய் சொன்னபடி, நடுவிலிருந்து வெளியே, நடுவிலிருந்து வெளியே என்று ஒற்றி எடுத்தேன். மதினி வாசலில் நின்று தெருமுனையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் சிரிப்பைக் கேட்டுத்தான் ஆட்கள் வந்துவிடுவார்களோ என்று எனக்குப் பயம்.

காய்ந்ததும் சரியான பக்கமாக வைத்து மூடினேன். முனகியது. சுற்றியது. நிற்கவில்லை, சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு திரை கறுப்பாகி, இடது ஓரத்தில் தபால்தலை அளவில் வரிசையாகச் சின்னப் படங்கள் வந்தன. ஒன்றைக்கூட நான் திறக்கவில்லை. அவர் பார்க்காமல் நான் பார்ப்பது சரியில்லை என்று பட்டது. சிடியை எடுத்து உறைக்குள் போட்டேன். உறைதான் இதற்குச் சன்னதித் திரை. அதன் நாலு மூலையிலும் கல்யாணப் பத்திரிகைக்கு வைப்பது போல மஞ்சள் தடவினேன்.

இவர் டீ குடித்துத் திரும்பினதும், பக்கம் மாற்றிப் போட்டுவிட்டேன், இப்போது ஓடுகிறது என்றேன். மற்றதைச் சொல்லவில்லை.

"ஓடுதா?" என்றார். ஏணிப்படியைப் போய்ப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஓடுது. அம்மன் வேண்டாம்னு சொல்லல. திருப்பிப் போடுன்னுதான் சொல்லியிருக்கா."

ஞாயிற்றுக்கிழமை காலையில் டாக்ஸி பிடித்து மாட்டுங்கா போனோம். லேப்டாப்பை நான் மடியில் வைத்திருந்தேன். இவர் டாக்ஸிக்காரரோடு மட்டும் வழியெல்லாம் ஹிந்தியில் தகராறு செய்துகொண்டு வந்தார்.

ஹாலில் எட்டுப் பேர் எங்களுக்கு முன்னால். எங்கள் முறை வந்தபோது பிளக் பாயிண்ட் தேடினால், இருந்தது ஒன்றே ஒன்று. அதில் சாமி படத்தைச் சுற்றின சீரியல் பல்பு எரிந்துகொண்டிருந்தது. அதைக் கழற்றக் கூடாது என்று வாட்ச்மேன் குறுக்கே நின்றார். என் மனசும் அவர் பக்கம்தான். டாக்டர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, "பத்து நிமிஷம் பல்பு இல்லேன்னா பெருமாள் கோச்சுக்க மாட்டார். இவர் நெஞ்சும் அவர் குடுத்ததுதானே" என்று தானே கழற்றினார். நான் கன்னத்தில் போட்டுக்கொண்டு லேப்டாப்பைச் சொருகினேன்.

சிடி சுற்ற ஆரம்பித்தது. டாக்டர் அந்தச் சதுரத்தில் விரலை வைத்து அமுக்கினார். அம்பு மூலைக்கு ஓடியது. இழுத்தார், நாலு ஜன்னல் திறந்தது.

"அழுத்தாதீங்க சார். லேசா தடவணும்."

"எனக்கு இது வரவே வராதும்மா. நீங்களே பண்ணுங்கோ."

இதயத்துக்கே படித்த டாக்டர் நாற்காலியைத் தள்ளி இடம் விட்டார். எட்டாவது படித்த நான் உட்கார்ந்து என் வீட்டுக்காரர் நெஞ்சை ஓட்டினேன். "மூணாவது படம். நிறுத்துங்கோ. கொஞ்சம் பின்னாடி போங்கோ. இன்னும் கொஞ்சம்." சொல்லச் சொல்லச் செய்தேன்.

சாம்பல் நிறத்தில் ஒரு மூட்டம். அதற்குள் கறுப்பு மை மாதிரி ஒன்று பாய்ந்து, கிளை கிளையாகப் பிரிந்து ஓடியது. எல்லாமே துடித்தது.  டாக்டர் தமிழில்தான் பேசினார், ஆனால் ஆர்ட்டெரி, ஃப்ளோ, பர்சென்ட் என்று பாதி இங்கிலீஷ். இவர் என் காதில், "தமிழ்க்காரர்னு சொன்ன, இவரு என்ன பாஷை பேசுதாரு?" என்றார். சும்மா இருங்கள் என்றேன்.

 இவர் முன்னால் குனிந்து திரையையே பார்த்தார். வீட்டில் அவர் எதையும் அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை. கார்கானாவில் பார்த்திருக்கிறேன், புதுத் தோலை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, கத்தி வைப்பதற்கு முன்னால் அப்படிப் பார்ப்பார். டாக்டர் காட்டுவதற்குள் அந்தத் தடித்த விரலைத் திரைப் பக்கம் கொண்டு போனார்.

"இந்த எடமா சார்?"

டாக்டர் திரும்பினார். "கரெக்டா சொல்றேளே. எப்படித் தெரிஞ்சுது?"

"தோல்ல நரம்பு ஓடுன தடம் இப்படித்தான் சார் கெளை கெளையா இருக்கும். எங்கயாவது இப்படி நசுங்கி இழை மாதிரி ஆயிருந்தா அந்த எடம் தாங்காது. அதை வச்சுப் பை தச்சா ரெண்டு மாசத்துல பிஞ்சிரும். நாங்க ஒதுக்கிட்டு வெட்டுவோம்."

"இதை ஒதுக்க முடியாதே."

"முடியாது" என்றார். அவர் கண் திரையை விடவில்லை. "ஒதுக்க முடியாத எடமா இருந்தா, உள்ள பட்டி வச்சுத் தாங்கல் குடுப்போம்."

"அந்தப் பட்டிக்குப் பேர்தான் ஸ்டென்ட்."

 இவர் என்னைப் பார்த்து, "இன்னொரு தடவை ஓட்டு" என்றார். ஓட்டினேன். அந்த இழை வந்த இடத்தில் நிறுத்தச் சொன்னார். நிறுத்தினேன். வேறொரு ஆளின் தவறான வெட்டைப் பார்க்கும்போது செய்வது போல உதட்டைப் பிதுக்கினார்.

"இதை இப்படியே விடக் கூடாது" என்று டாக்டரிடம் இவர் சொன்னார். டாக்டர், ஆமாம், விடக் கூடாது, இந்த வாரத்துக்குள் முடித்துவிடுங்கள், அந்த ஆஸ்பத்திரியில் சொன்னது சரிதான் என்றார். சீரியல் பல்பைத் திரும்பச் சொருகும்போது வாட்ச்மேன்தான் எங்கள் எல்லாரையும் விட நிம்மதியாக இருந்தார்.

வெளியே வந்ததும் பூக்கடை ஓரமாக நிறுத்தி, ஆஸ்பத்திரிக்குப் போன் போடு என்றார். மனசு மாறுவதற்குள் போட்டேன். அந்தப் பக்கம் ஒரு பெண் பட்டியலைப் பார்த்துவிட்டு, வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு இடம் இருக்கிறது, விட்டால் அடுத்து பன்னிரண்டு நாள் கழித்துத்தான் என்றாள்.

வியாழக்கிழமை தேய்பிறை அஷ்டமி. காலண்டர் பார்க்காமலே எனக்குத் தெரியும், பைரவருக்கு விளக்குப் போட வேண்டிய நாள். அஷ்டமியில் எங்கள் வீட்டில் புது விளக்குமாறுகூட வாங்க மாட்டோம். போன் காதில் இருக்கிறது, அந்தப் பெண் "ஹலோ, ஹலோ" என்கிறாள். இவர் என் முகத்தைப் பார்த்தார். என்னோடு முப்பது வருஷத்துக்கு மேல் குடித்தனம் பண்ணினவர், என் முகத்தைப் பார்த்தே திதி சொல்லிவிடுவார். அவர் வாய் மெல்லத் திறந்தது.

"ஆயேங்கே" என்று நான் போனில் சொன்னேன். "குருவார், சாத் பஜே. பக்கா ஆயேங்கே." வியாழன் காலை ஏழு மணிக்குக் கட்டாயம் வந்துவிடுவோம் என்று சொல்லிவிட்டு அணைத்தேன்.

"வியாழக்கிழமை அஷ்டமி ஆச்சே" என்றார் இவர்.

"தெரியும்."

"நான் சொல்லலாம்னு இருந்தேன்."

"அதுவும் தெரியும். அதான் முந்திக்கிட்டேன்."

அவர் சிரித்துவிட்டார். நெஞ்சைப் பிடித்துக்கொள்ளாமல் அவர் சிரித்து நாளாயிற்று. லேப்டாப் பையை என் கையிலிருந்து வாங்கப் பார்த்தார், கனம் தூக்கக் கூடாது என்று கையைத் தட்டிவிட்டேன். வெறும் வயிற்றோடு எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும், கார்கானாவில் யாரிடம் சொல்லிவிட்டு வர வேண்டும் என்று கேட்டுக்கொண்டே, ரோட்டைத் தாண்ட என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.